ஐந்து வாட் வால்வு ஆம்ப்: உறுமலை அடக்கி, ஸ்பீக்கரை மாற்றிய வரை

வால்யூமை அடியோடு குறைத்துவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட்டில் வைத்தால் இந்தக் கிட்டார் ஆம்ப் முதலில் 21 காட்டியது. இப்போது அதே ஸ்பீக்கரில் 5 காட்டுகிறது. முன்பு கிட்டாரைத் தொடாமல் சும்மா வைத்திருந்தாலும் அறையின் மறுமூலை வரை உறுமல் கேட்கும். இப்போது ஸ்பீக்கர் துணிக்குப் பக்கத்தில் குனிந்தால்தான் ஆம்ப் ஓடுகிறது என்றே தெரிகிறது. ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வும் (வால்வு என்பது ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) தன் எல்லைக்குள் நிற்கிறது, ஒலியும் பெரிதாகிவிட்டது. எது பலித்தது, எது வீண்வேலை என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதைப் பார்த்து வாங்குவது

சின்ன வால்வு ஆம்ப்களில் இரண்டு வகை உண்டு. ஒரே ஒரு பவர் வால்வோடு நாலைந்து வாட் தரும் சிங்கிள் எண்டட் ஒன்று. ஃபெண்டர் சாம்ப், வாக்ஸ் ஏசி4, எபிஃபோன் வால்வ் ஜூனியர் எல்லாம் இந்தக் குடும்பம். இரண்டு பவர் வால்வுகள் மாறி மாறி இழுக்கும் புஷ்-புல் இன்னொன்று; ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர், ஆரஞ்ச் டைனி டெரர் போல 15 வாட் பக்கம் இருக்கும். 15 வாட் என்றதும் மூன்று மடங்கு சத்தம் என்று தோன்றும். காதுக்கு அது ஏறக்குறைய 5 டெசிபல் வித்தியாசம்தான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வாட் பத்து மடங்காக வேண்டும். அதனால் வாட் கணக்கை வைத்து நான் முடிவெடுக்கவில்லை. டிரம்ஸோடு சேர்ந்து சுத்தமான ஒலியில் வாசிக்க வேண்டியவர்கள் 15 வாட் பக்கம் போவதே சரி, 5 வாட் அங்கே மூச்சுத் திணறும். எனக்கு வீட்டில் வாசிக்கவும் ரெக்கார்டிங்குக்கும் போதும், உள்ளே கைவைத்துப் பார்க்கவும் ஆசை. சிங்கிள் எண்டட்டில் மொத்த சர்க்யூட்டும் ஒரு தாளில் அடங்கிவிடும், எது எங்கே போகிறது என்று மனதிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

வாசித்துப் பார்த்து, டோன் பிடித்திருந்தால் வாங்குவது என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. காதில் விழுகிற விஷயங்களான வால்வு, கெபாசிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை, அல்லது மாற்றப் போனால் ஆம்ப் விலையையே தின்றுவிடுபவை, இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களும் சேசிஸும் (எல்லாவற்றையும் தாங்கும் உலோகச் சட்டம்) வால்வு சாக்கெட் பொருத்தியிருக்கும் விதமும். எனவே பின்பலகையைக் கழற்றிப் பார்க்க விடுகிறவரிடம்தான் வாங்குவது என்று வைத்துக்கொண்டேன்.

உள்ளே முதலில் பார்த்தது சாக்கெட்டை. சேசிஸில் திருகி, அதிலிருந்து வயர் இழுத்திருந்தால் நல்லது. பி.சி.பி.யிலேயே (செப்புக்கோடு அச்சிட்ட சர்க்யூட் பலகை) சாக்கெட்டை சால்டர் செய்திருந்தால், பவர் வால்வின் சூட்டில் நாளடைவில் செப்புக்கோடு பலகையைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை சால்டரிங் அயர்ன் பட்டால் கையோடு வந்துவிடும். அடுத்தது பவர் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நிற்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பருமன். சிங்கிள் எண்டட்டில் இதன் வழியாக ஓயாமல் டி.சி. ஓடுகிறது, அதற்காகவே இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். தகட்டுக்கட்டு ரொம்பப் பொடிசாக இருந்தால் அடிக்கம்பிகளின் ஒலி அங்கேயே நெரிபட்டுவிடும், பிறகு என்ன செய்தாலும் மீளாது. மூன்றாவதாக சர்க்யூட் படம் கிடைக்கிறதா என்று பார்த்தேன். படம் இல்லாத ஆம்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கடைசியில் வந்து சேர்ந்தது ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய காம்போ, அதாவது ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். முன் வால்வாக ஒரு 12ஏஎக்ஸ்7, பவர் வால்வாக ஒரு இஎல்84, 8 அங்குல 4 ஓம் ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். பெயர் இங்கே தேவையில்லை. இந்த அளவில் வரும் பல ஆம்ப்களின் உள்ளே ஏறக்குறைய இதே சர்க்யூட்தான் இருக்கும். சாக்கெட் சேசிஸில் இருந்தது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எங்கும் சேராத ஒரு வயர், முனையில் டேப் சுற்றி, மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வயர் என்னவென்று கண்டுபிடிப்பது எளிது. டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (வால்வு பக்கத்து) வயர்களையும் ஸ்பீக்கர் வயர்களையும் சர்க்யூட்டிலிருந்து பிரித்துவிட்டு, 12 வோல்ட் ஏ.சி. அடாப்டரை பிரைமரிக்குக் கொடுத்தேன். அடாப்டர் உண்மையில் தந்தது 12.3 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கர் இணைந்திருந்த வயரில் 0.35 வோல்ட், அந்த அநாதை வயரில் 0.49. வகுத்தால் முதலாவது 35.1, இரண்டாவது 25.1. இதை வர்க்கப்படுத்தி ஸ்பீக்கர் ஓமால் பெருக்கினால் பவர் வால்வுக்குத் தெரியும் சுமை கிடைக்கும். 1235 × 4 = 4,940. இரண்டாவது வயரில் 8 ஓம் ஸ்பீக்கரை வைத்தால் 630 × 8 = 5,040. ஆக, சுருட்டி வைத்தது 8 ஓம் வயர். இஎல்84க்குத் தரவுத்தாளில் கொடுத்திருக்கும் 5,200 ஓமுக்கு இரண்டுமே பக்கத்தில் நிற்கின்றன. ஒரு எச்சரிக்கை: அடாப்டரை மறந்துபோய் ஸ்பீக்கர் பக்கம் கொடுத்தால் மறுமுனையில் 300 வோல்ட்டுக்கு மேல் வந்து நிற்கும்.

திறக்கும் முன்

இந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட் டி.சி. இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது தங்கும். ஆம்ப் சூடாக ஓடி அணைந்தால் வால்வுகளே பெரும்பகுதியை வடித்துவிடும்; வால்வைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் வடிய வழியே இல்லை, மறுநாள் தொட்டாலும் அடிக்கும். இந்த ஆம்பில் வடிப்பதற்கென்று ஒரு ரெசிஸ்டரும் வைக்கவில்லை. அதனால் முதல் சால்டரிங்கே அதுதான்: 220 கிலோஓம், 2 வாட், முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் குறுக்கே. கடைசியில் எல்லாக் கெபாசிட்டரும் சேர்ந்து 138 மைக்ரோஃபாரட் ஆயிற்று. அணைத்த ஒன்றரை நிமிடத்தில் 20 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது.

அதை நம்பிக் கையை விடுவதில்லை. 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் முதலைக் கிளிப் வயர் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு கிளிப் சேசிஸில், மறு கிளிப் கெபாசிட்டரின் பிளஸ்ஸில், பத்து நொடி. அப்புறம் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து டப்பென்று வெடிக்க வைப்பது பலருக்குப் பழக்கம். கெபாசிட்டருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல.

ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் மீட்டரின் கறுப்பு வயரை சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒற்றைக் கையால் மட்டும் அளப்பது, இன்னொரு கை பின்னால். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதலில் சீரீஸ் பல்ப் (ஆம்புக்குப் போகும் மின்சாரத்தில் தொடராக வைத்த பல்ப்) வழியாகத்தான் ஆன் செய்தேன்: பழைய டங்ஸ்டன் பல்ப், 60 வாட். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடலாம். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஒருபோதும் ஓட்டக்கூடாது என்பதும் இங்கேயே சேர வேண்டியது. சுமை இல்லாமல் வாசித்தால் பிரைமரியில் மின்னழுத்தம் எகிறி, டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷனே கிழிந்துபோகும்.

உறுமல்

கிட்டார் வாசிக்கிறவருக்கு இதில் ஒரு வசதி உண்டு, உறுமலின் சுருதியை வைத்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பவர் சப்ளையின் உறுமல் 100 ஹெர்ட்ஸில் வரும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். அதை மீட்டிப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு லேசாக அலையும். உறுமல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் வால்வை உள்ளே சூடாக்கும் ஹீட்டரின் வயரிங்கைச் சந்தேகிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்றால் சப்ளை உறுமல் 120, ஐந்தாம் கம்பியில் முதல் ஃப்ரெட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே.

என் ஆம்பில் ஆறாம் கம்பியோடு அலைந்தது. அதாவது சப்ளை. ஆனாலும் எல்லோரும் சொல்வதுபோல முதலில் 12ஏஎக்ஸ்7ஐ மாற்றிப் பார்த்தேன், மீட்டர் அசையவில்லை. அடுத்து அந்த வால்வைக் கழற்றியே விட்டு அளந்தேன். 21 மில்லிவோல்ட் 19 ஆயிற்று, அவ்வளவுதான். இந்த ஒரு சோதனையைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் வால்வு மாற்றும் வேலையே வேண்டாம். முன் வால்வு இல்லாதபோதும் உறுமல் நிற்கிறது என்றால் அது பவர் வால்வுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வரும் மின்சாரத்திலேயே இருக்கிறது. புஷ்-புல்லில் இந்த அலை இரண்டு பக்கமும் சமமாக வந்து தன்னைத்தானே தீர்த்துக்கொள்ளும். சிங்கிள் எண்டட்டில் அந்தச் சலுகை கிடையாது; சப்ளையில் உள்ள அழுக்கு அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும்.

முன்பகுதிக்குப் போகும் 22 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை 47 ஆக்கினேன், பயனில்லை. அழுக்கு இருப்பது அதற்கு முன்னாலேயே. இந்தச் சர்க்யூட்டில் ரெக்டிஃபையர் டயோடுகளுக்கு அடுத்த முதல் கெபாசிட்டரிலிருந்தே, நடுவில் எதுவும் இல்லாமல், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் போகிறது. அந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும். முதல் கெபாசிட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவே 150 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, அதன் பிறகு சேசிஸுக்கு 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று. 100 ஹெர்ட்ஸில் 47 மைக்ரோஃபாரட் சுமார் 34 ஓம் போல நடந்துகொள்ளும். 150 ஓமோடு சேர்ந்தால் அலை நாலரை மடங்கு குறையும். இழப்பது ஏழெட்டு வோல்ட்தான். பின்னால் பயாஸ் (வாசிக்காதபோதும் பவர் வால்வில் ஓடும் மின்னோட்டம்) பார்க்கும்போது அந்த இழப்பும் நல்லதாகவே போயிற்று. 22ஐத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டேன்.

மீட்டர் 10க்கு இறங்கியது. இப்போது மிச்சமிருந்த உறுமலின் சுருதி மாறியிருந்தது. ஒரு ஸ்தாயி கீழே, ஹீட்டரிலிருந்து வருவது. ஹீட்டரின் 6.3 வோல்ட் வயர்கள் முன் வால்வைச் சுற்றிக்கொண்டு தளர்வாகப் போயிருந்தன. அவற்றை இறுக்கமாக முறுக்கி சேசிஸ் மூலையோடு ஒட்டிப் படுக்க வைத்தேன். ஹீட்டர் சுற்றின் ஒரு முனை நேராக சேசிஸில் இணைந்திருந்தது. அதைப் பிரித்துவிட்டு, இரண்டு முனைகளிலிருந்தும் 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று எடுத்து, இரண்டும் சேரும் புள்ளியை சேசிஸுக்குக் கொண்டுபோகாமல் இஎல்84இன் கேத்தோடில் (எலெக்ட்ரான்களை உமிழும் முனை), அதாவது 3ஆம் பின்னில் இணைத்தேன். அங்கே எப்படியும் பத்து வோல்ட் பாசிட்டிவ் இருக்கிறது. ஹீட்டர் முழுவதும் அந்தப் பத்து வோல்ட்டில் மிதப்பதால், அதிலிருந்து முன் வால்வின் கேத்தோடுக்குக் கசியும் உறுமல் அடங்கிவிடுகிறது. இரண்டு ரெசிஸ்டர் செலவு. மீட்டர் 5.

ஹீட்டரையே டி.சி. ஆக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு டயோடு பிரிட்ஜ், பெரிய கெபாசிட்டர், சூடு என்று ஒரு தனி அத்தியாயம் தொடங்கும். 5 மில்லிவோல்ட்டில் நிறுத்திக்கொண்டேன்.

பவர் வால்வு எவ்வளவு வேகிறது

விளக்கை அணைத்துவிட்டு இஎல்84ஐப் பார்த்தால் ஹீட்டரின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு. வாங்கிய புதிதில் அதற்கு மேல் பிளேட்டின் (எலெக்ட்ரான்கள் போய்ச் சேரும் வெளித்தகடு) தையலோரத்திலும் மங்கலாகச் செம்மை தெரிந்தது. வேலை தொடங்குமுன் எடுத்த அளவுகள் இவை: பிளேட்டில் 287 வோல்ட், கேத்தோடில் 8.2 வோல்ட், கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம். 8.2ஐ 130ஆல் வகுத்தால் 63 மில்லியாம்ப். அதில் ஸ்கிரீனுக்கு (பிளேட்டுக்கு முன்னால் இருக்கும் கம்பிவலை) போவது ஐந்தரை என்று கழித்தால் பிளேட்டுக்கு 57.5. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 279 வோல்ட். பெருக்கினால் 16 வாட். இஎல்84இன் பிளேட் தாங்குவது 12 வாட்.

சின்ன ஆம்ப்களில் இது அபூர்வமல்ல. சத்தம் நன்றாக வரும், வால்வு சீக்கிரம் போகும். 130 ஓமை எடுத்துவிட்டு 220 ஓம் 3 வாட் போட்டேன். கூடவே அதன் பைபாஸ் கெபாசிட்டரையும் 50 வோல்ட் தாங்கும் புதியதாக மாற்றினேன், பழையது அந்தச் சூடான ரெசிஸ்டர் மீதே சாய்ந்து படுத்திருந்தது. இப்போது பிளேட் 290, கேத்தோடு 9.8. மொத்தம் 44.5 மில்லியாம்ப், ஸ்கிரீன் போக 40.3, 280 வோல்ட்டால் பெருக்க 11.3 வாட். செம்மை போய்விட்டது. சத்தம் குறைந்ததாகக் காதுக்குத் தெரியவில்லை. முழு வால்யூமில் விரல் பதமாக மீட்டும்போது கொஞ்சம் சீக்கிரம் உடைகிறது, அது எனக்குப் பிடித்தே இருக்கிறது.

அயர்ன் சூடாக இருக்கும்போதே சாக்கெட்டில் இரண்டு ரெசிஸ்டர்கள்: 9ஆம் பின்னில் ஸ்கிரீனுக்கு 470 ஓம் 2 வாட், 2ஆம் பின்னில் கிரிடுக்கு (சிக்னல் நுழையும் முனை) 4.7 கிலோஓம். ஒலிக்காக அல்ல, முழு வால்யூமில் ஸ்கிரீன் வெந்துபோகாமலும் காதுக்குக் கேட்காத அலைவரிசையில் ஆம்ப் தானாக ஊளையிடாமலும் இருக்க.

டோன் வேலைகள்

பலரும் முதலில் இங்கேதான் தொடங்குகிறார்கள். எனக்குக் கடைசியில்கூட இதில் கிடைத்தது குறைவுதான்.

12ஏஎக்ஸ்7க்குள் அடுத்தடுத்துப் பெருக்கும் இரண்டு ஸ்டேஜ்கள் உண்டு. முதல் ஸ்டேஜுக்கும் வால்யூம் கன்ட்ரோலுக்கும் நடுவே உள்ள 22 நானோஃபாரட் கெபாசிட்டரை 10 ஆக்கினால் அடி இறுகும் என்று எங்கும் சொல்வார்கள். ஆக்கினேன், ஒன்றும் ஆகவில்லை. 1 மெகாஓம் வால்யூம் கன்ட்ரோலோடு 22 நானோஃபாரட் 7 ஹெர்ட்ஸில் வெட்டும், 10 நானோஃபாரட் 16இல். கிட்டாரின் தடித்த கம்பியே 82இல்தான் தொடங்குகிறது, இரண்டுக்கும் என்ன வேறுபாடு கேட்கும்? விலை உயர்ந்த, கலர் கலரான கெபாசிட்டர்களைப் பற்றியும் என் எண்ணம் இதேதான்: மதிப்பு ஒன்றாக இருந்தால் ஒலியும் ஒன்று.

உண்மையில் ஒலியை மாற்றியது இரண்டாம் ஸ்டேஜின் கேத்தோடு. அங்கே 1.5 கிலோஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 22 மைக்ரோஃபாரட் இருந்தது, அடியிலிருந்து நுனி வரை எல்லாவற்றையும் முழு கெயினில் (பெருக்கத்தில்) தள்ளியது. வால்யூமை ஏற்றினால் தடித்த கம்பிகள் குழம்பும். அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன மூன்று நிலை சுவிட்ச் வைத்தேன், நடுவில் எதிலும் சேராமல் நிற்கும் வகை. சுவிட்சின் நடுமுனை கேத்தோடில். ஒரு பக்கம் தள்ளினால் 0.68 மைக்ரோஃபாரட் வழியாகச் சேசிஸ்: அடியில் கெயின் குறைவு, மேலே முழு கெயின். எளிய சூத்திரப்படி இது 156 ஹெர்ட்ஸில் மாற வேண்டும். வால்வின் உள்தடையும் கேத்தோடு வழியே இணையாகத் தெரிவதால் நடைமுறையில் 300 பக்கம் போகிறது, கேட்பதும் அப்படித்தான். நடுவில் நிறுத்தினால் கெபாசிட்டரே இல்லை: கெயின் ஏறக்குறைய பாதி, 6 டெசிபல் குறைவு, சுத்தமான ஒலி. மறுபக்கம் தள்ளினால் ஸ்பீக்கர் முனையிலிருந்து 22 கிலோஓம் வழியாக நெகட்டிவ் ஃபீட்பேக், அதாவது வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கு திரும்பி வந்து கெயினைக் குறைக்கும். 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1இல் இதே இடத்தில் இதே மதிப்பில்தான் இருக்கும். ஒலி இன்னும் இறுகி, மேல்ஸ்தாயி பதமாகிறது.

இந்தச் சுவிட்சில் இரண்டு நுணுக்கங்கள். 0.68 பக்கம் தள்ளும்போதெல்லாம் ஸ்பீக்கரில் டொப்பென்று சத்தம் வரும், ஏனென்றால் கெபாசிட்டர் அந்த நொடியில்தான் சார்ஜ் ஆகிறது. அந்தப் பக்கத்து முனைக்கும் நடுமுனைக்கும் இடையே 1 மெகாஓம் ஒன்றைப் போட்டுவிட்டால் அது எப்போதும் சார்ஜோடு இருக்கும், சத்தம் நிற்கும். அடுத்தது ஃபீட்பேக்கின் திசை. முதல் முறை தள்ளியபோது ஆம்ப் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம், ஃபீட்பேக் தலைகீழாக வருகிறது என்று அர்த்தம். அணைத்து, வடித்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர்கள் இரண்டையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். எந்த வயர் எது என்று படத்தைப் பார்த்து யூகிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

வால்வு மாற்றிப் பார்ப்பதில் கம்பெனி மாற்றுவதைவிட ரகம் மாற்றுவதே பலன் தரும். 12ஏஎக்ஸ்7இன் பெருக்கம் 100, 5751க்கு 70, 12ஏஒய்7க்கு 40களின் நடுவில். மூன்றும் அதே சாக்கெட்டில் உட்காரும். 12ஏஒய்7 போட்டால் ஆம்ப் ரொம்பச் சாதுவாகிவிட்டது. 5751 போட்டேன், அதுவே இருக்கிறது. வாங்கும் வால்வை ஆம்ப் ஓடும்போது பென்சில் முனையால் லேசாகத் தட்டிப் பார்க்க வேண்டும்; மணி அடித்தாற்போல் ஸ்பீக்கரில் கேட்டால் அது காம்போவுக்கு உதவாது, ஸ்பீக்கரின் அதிர்விலேயே பாடத் தொடங்கிவிடும்.

ஸ்பீக்கர்

இதுவரை செய்த அத்தனை வேலையையும் ஒரு தட்டிலும் ஸ்பீக்கர் மாற்றியதை இன்னொரு தட்டிலும் வைத்தால், காதுக்கு ஸ்பீக்கர் பக்கம்தான் தாழும். ஆனாலும் உறுமலுக்குப் பிறகுதான் இதற்கு வர வேண்டும், ஏனென்றால் சத்தம் கூடிய ஸ்பீக்கர் உறுமலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

ஆம்பின் பெட்டியில் 8 அங்குலத்துக்கு மேல் இடமில்லை. பலகையை அறுத்து 10 அங்குலம் நுழைக்கலாமா என்று அளந்து பார்த்தேன், டிரான்ஸ்ஃபார்மர் இடிக்கும். சரி, தனிப் பெட்டியே செய்துவிடலாம் என்று 18 மி.மீ. பிளைவுட்டில் 45 செ.மீ. அகலம், 42 உயரம், 26 ஆழத்தில் ஒன்று. ஸ்பீக்கர் நிற்கும் முன்பலகை மட்டும் 12 மி.மீ. ஓட்டை 283 மி.மீ. விட்டம், 12 அங்குல ஸ்பீக்கருக்கு. பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு திறந்தே இருக்கிறது. முழுக்க மூடினால் 5 வாட்டுக்கு ஒலி அடைத்ததுபோல் இருந்தது. ஓட்டை வெட்ட ஜிக்சாவைவிட, நடுவில் ஆணி அடித்து, ஒரு பட்டையில் ரூட்டரைப் பொருத்திச் சுற்றுவது சுத்தமாக வரும். ஒரே மூச்சில் வெட்டாமல் 3 மி.மீ. 3 மி.மீ.ஆக இறக்க வேண்டும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் வாட் அல்ல, சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல். நான் எடுத்தது 8 ஓம், 97 டெசிபல். பழையதில் எதுவும் அச்சிடவில்லை. லூப்பர் பெடலில் ஒரு வரியைப் பதிவு செய்து, அதே லூப்பை அதே வால்யூமில் இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஓட்டி, ஒரு மீட்டர் தள்ளி போனில் ஒலி அளவைப் பார்த்தேன். போன் மீட்டரின் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். 7 டெசிபல். வாட்டில் சொன்னால் ஐந்து மடங்கு. 5 வாட் ஆம்பில் 25 வாட் வந்ததுபோல. இதற்காக அந்த அநாதை வயரின் டேப்பைப் பிரித்து, 8 ஓம் என்று எழுதிய இரண்டாவது ஜாக் ஒன்றைப் பின்னால் பொருத்தினேன். ஃபீட்பேக் இப்போது அந்த வயரிலிருந்து வருகிறது. பழைய ஸ்பீக்கரும் பெட்டியில்தான் இருக்கிறது, ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் இணைப்பதில்லை.

ஜாக்கில் செருகும் முன் ஸ்பீக்கரை மீட்டரில் ஓம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 8 ஓம் ஸ்பீக்கர் டி.சி.யில் ஆறு, ஆறரை காட்டும், 4 ஓம் மூன்றேகால் காட்டும். வயர் அறுந்திருந்தால் ஒன்றும் காட்டாது, அப்போது ஆம்பை ஆன் செய்யாமல் தப்பிக்கலாம்.

இவ்வளவு சத்தம் வந்த பிறகு குறைக்க வேண்டிய தேவை வந்தது. இஎல்84ஐ டிரையோடாக மாற்றும் சுவிட்ச், அதாவது ஸ்கிரீனைப் பிளேட்டோடு சேர்ப்பது, பல இடங்களில் சொல்லப்படும் வழி. வாட் பாதிக்கும் கீழே போகிறது, உண்மைதான். காதுக்கோ மூன்று நான்கு டெசிபல், பக்கத்து அறையில் ஒரு மாற்றமும் இல்லை, மேல் ஒலி மழுங்கியதுதான் மிச்சம். கழற்றிவிட்டேன். பலித்தது, ஸ்பீக்கருக்கு முன்னால் மூன்று வயர்வவுண்ட் ரெசிஸ்டர்கள் வைத்த சின்ன அலுமினியப் பெட்டி. ஸ்பீக்கரோடு தொடராக 6 ஓம் (12 ஓம் 10 வாட் இரண்டு இணையாக), ஸ்பீக்கருக்குக் குறுக்கே 2.7 ஓம் 5 வாட். 12 டெசிபல் குறைகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்போதும் 8 ஓம்தான் தெரிகிறது. 5 வாட்டில் முக்கால் பங்கு அந்த 6 ஓமிலேயே சூடாகப் போகிறது, ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 0.3 வாட். பெட்டியில் காற்றுத் துளைகள் வேண்டும். ரெசிஸ்டர்களை அலுமினியத்தோடு ஒட்டித் திருகினால் கையில் பிடிக்கும் சூட்டிலேயே நிற்கிறது.

செலவும் அடுத்த ஆம்பும்

ஸ்பீக்கரும் பிளைவுட்டும் சேர்ந்து ஆம்பின் விலையையே தொட்டுவிட்டன. மற்ற ரெசிஸ்டர், கெபாசிட்டர், சுவிட்ச், ஜாக் எல்லாம் சேர்த்தும் ஒரு புது இஎல்84 விலைக்குப் பக்கத்தில்தான். காசைப் பொறுத்தவரை சால்டரிங் வேலை ஒன்றுமே இல்லை.

அடுத்தது வாங்கினால் காம்போ வேண்டாம், ஸ்பீக்கர் இல்லாத ஹெட் மட்டும் போதும். எப்படியும் ஸ்பீக்கர் தனியாகத்தான் வரப்போகிறது, வால்வும் அதிர்விலிருந்து தப்பிக்கும். பவர் வால்வு 6வி6 உள்ளதாகப் பார்ப்பேன், பெரிய சாக்கெட்டில் சால்டர் செய்வது விரலுக்கு எளிது. 300 வோல்ட் வரிசையில் டயோடுகளுக்குப் பிறகு தனியாக ஒரு ஃபியூஸ் முதலிலேயே போடுவேன். இந்த ஆம்பில் மெயின் ஃபியூஸ் மட்டும்தான், இஎல்84 ஷார்ட் ஆனால் அது எரிவதற்குள் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். இதிலேயே இன்னும் பாக்கியிருப்பது ஸ்பீக்கர் ஜாக்: பிளக்கை உருவினால் தானாக ஷார்ட் ஆகும் சுவிட்ச் வைத்த ஜாக்காக அதை மாற்ற வேண்டும். வால்வு ஆம்புக்குச் சிறிது நேர ஷார்ட் தாங்கும், திறந்த சுமை தாங்காது. ஆனால் இரண்டு ஜாக் இருப்பதால் இங்கே அதை அப்படியே போட முடியாது, ஒன்று காலியாக இருந்தாலே மற்றதையும் ஷார்ட் செய்துவிடும். ஒரே ஜாக், பக்கத்தில் 4 ஓம், 8 ஓம் தேர்வு சுவிட்ச் என்று பின்பலகையை மாற்றித் துளையிட்ட பிறகுதான் அது.